பழைய ஆம்னி: புது பெல்ட் போட்டும் கீச்சுச் சத்தம் நிற்கவில்லை

வணக்கம் நண்பர்களே. எங்கள் மாருதி ஆம்னி வேன் 2007 மாடல், பெட்ரோல், ஏசி கிடையாது. பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவின் பெல்ட்டில் விரிசல் தெரிந்ததால் புதிதாக மாற்றினோம். ஆனாலும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்துகிறது. ஹெட்லைட் போட்டால் சத்தம் கூடுகிறது, சார்ஜ் லைட்டும் லேசாக மினுக்குகிறது.

வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. வழுக்கினால் பேட்டரி சார்ஜ் ஆகாதது மட்டுமல்ல, இன்ஜினும் சூடேறிவிடும். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது இந்த வண்டியில்தான். நடுவழியில் நிற்கவே கூடாது.

இன்ஜின் மேலிருக்கும் சீட்டைத் தூக்கிவிட்டு, தள்ளி நின்று, ஓடும் பெல்ட்டின் மேல் தண்ணீர் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தேன். புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) கோணலாக இருந்தால் சத்தம் சற்று அடங்கும், இங்கே அதிகமானது. அப்படியென்றால் பெல்ட் வழுக்குகிறது. ஆனால் மெக்கானிக் அண்ணன் ஏற்கெனவே நன்றாக இழுத்துக் கட்டியிருக்கிறார். இன்னும் இறுக்கினால் டைனமோ, பம்ப் இரண்டின் பேரிங்கும் போய்விடும்.

எனக்குச் சந்தேகம் புல்லி மேல்தான். டைனமோ புல்லியின் பள்ளத்து அடிப்பாகம் பளபளவென்று இருக்கிறது. இது ‘V’ வடிவ பெல்ட், பள்ளத்தின் பக்கச் சுவர்களைத்தான் பிடிக்க வேண்டும், அடியைத் தொடவே கூடாது. புல்லி தேய்ந்துவிட்டதா, இல்லை பெல்ட் அகலம் குறைவா? எப்படி உறுதி செய்வது? புல்லி மட்டும் தனியாகக் கிடைக்குமா? அப்புறம், புது பெல்ட் எவ்வளவு ஓடியபின் மறுபடி டைட் பார்க்கிறீர்கள்? பெல்ட் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம், தூசிதான் ஒட்டும். ஆம்னி வேலை பார்த்த அண்ணன்கள் யாராவது சொல்லுங்கள்.