பல்கலைக்கழக கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சம்பள பாக்கி, யாரைக் கேட்பது?

கேள்வி (காரைக்குடி):
எங்கள் அம்மா இங்கே ஒரு அரசுப் பல்கலைக்கழக விடுதியில் கான்ட்ராக்டில் துப்புரவு வேலை பார்க்கிறார். தீபாவளியிலிருந்து சம்பளம் இல்லை. அதற்கு முந்தைய சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்ததாகப் போட்டிருக்கிறது, பாஸ்புக்கில் அந்த மாதம் காலி. பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் கான்ட்ராக்டரைப் பாருங்கள் என்கிறார்கள், அவரோ பில் பாஸ் ஆகவில்லை என்கிறார். யார்தான் பொறுப்பு?

பதில் (தேவகோட்டை):
பல்கலைக்கழகம்தான் தம்பி. கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே, அதாவது வேலையைக் கான்ட்ராக்டுக்கு விட்ட நிறுவனமே, கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் தொட்டு இருக்கிற விதி. பி.எஃப்.க்கும் அப்படித்தான். இனி வாயால் கேட்காதீர்கள். பதிவாளர் பெயருக்கு எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், தொழிலாளர் துறைக்கும் ஒன்று போகட்டும்.

பதில் (பள்ளத்தூர்):
கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். கான்ட்ராக்டருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு போனது என்று கேளுங்கள், வருகைப் பதிவேட்டு நகலும் கேளுங்கள். அப்புறம், புகாரில் எல்லாரும் சேர்ந்தே கையெழுத்துப் போடுங்கள், தனி ஆளாகப் போனால் மறுநாளே வேலைக்கு வராதே என்பார்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி அண்ணே, நாளைக்கே அம்மாவோடு வேலை பார்ப்பவர்களிடம் பேசுகிறேன்.