பியூகிள் கட்டளைக்குத் தமிழ்: ஊதுகுறியா, பறைகுறியா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
பிளஸ் ஒன் தமிழ்வழி வகுப்புக்குப் 'போர்க்களத்தில் இசை' பாடக்குறிப்பு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. எழு, கூடு, முன்னேறு, பின்வாங்கு என்று படையில் பியூகிள் என்ற பித்தளைக் குழலில் ஊதும் கட்டளைகளுக்குப் பொதுச்சொல் வேண்டும். 'போரிசை' போதாது. 1915 செப்டம்பர் 25, முதல் உலகப் போரின் லூஸ் களத்தில் நச்சுவாயுவால் கலங்கி நின்றவர்களுக்காக பிரிட்டிஷ் படைவீரர் டேனியல் லெய்ட்லா பதுங்குகுழி மேட்டில் ஏறி பேக்பைப் வாசித்தார். அது ஊக்கம், கட்டளை அல்ல. 'ஊதுகுறி' சரிவருமா?

கொல்லங்கோட்டிலிருந்து:
சரிவரும், டீச்சர். பியூகிளில் துளையோ வால்வோ கிடையாது. உதட்டு இறுக்கத்தால்தான் சுரம் மாறும். கட்டளைகளுக்குப் பெரும்பாலும் ஐந்தே சுரம்: சட்ஜம், பஞ்சமம், மேல்சட்ஜம், மேல்காந்தாரம், மேல்பஞ்சமம். ஆக, ஒரு கட்டளையை இன்னொன்றிலிருந்து பிரிப்பது தாளமும் வரிசையும்தான். உதடு களைத்தால் சுரம் அடுத்த படிக்கு வழுக்கிவிடும், கேட்பவனுக்குக் கட்டளை மாறும். நம் பஞ்சவாத்தியக் கொம்புக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. அதனால் 'கொம்புக்குறி' என்றே சொல்லலாமே?

மீனாட்சிபுரத்திலிருந்து:
இரண்டும் குறுகல். 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் காலாட்படை கட்டளை கேட்டது டிரம்மில். மழையில் தோல் தளர்ந்து ஒலி மங்கும் என்றாலும் அணிவகுத்து நிற்கிறவர்களுக்கு அது போதுமானது. சிதறிப் போரிடும் இலகுபடைக்குத்தான் கொம்பு தேவைப்பட்டது. டிரம்மை யார் ஊதுவார்? 'பறைகுறி' என்று வையுங்கள். பறைதல் என்றால் சொல்லுதல். பாலக்காட்டுச் சித்தூர்ச் சந்தையில் மலையாளத்தில் இன்றும் பறைகிறார்கள். முரசறைதலில் வரும் அறை, இந்தப் பறை, உரை மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. கரை (காகம் கரைவது), இரை (இரைச்சல்) இவற்றையும் சேர்த்துப் பாருங்கள், ஒலிக்கும் சொல்லுக்கும் உள்ள உறவு தெரியும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
ஐயா, வேர் இருக்கட்டும். பறை என்றால் பிள்ளைகளுக்குத் தோற்கருவிதான். பித்தளைக் குழலின் படத்துக்குக் கீழே 'பறைகுறி' என்று போட்டால் பாடம் அங்கேயே நின்றுவிடும்.

வேலந்தாவளத்திலிருந்து:
விடியற்காலைக் கட்டளைக்குப் புதுச்சொல் எதற்கு? தொல்காப்பியப் புறத்திணையியலே 'சூதர் ஏத்திய துயிலெடை நிலை' என்கிறது. இன்னொன்று: லாஸ்ட் போஸ்ட் என்ற பியூகிள் கட்டளையைக் 'கடைசி அஞ்சல்' என்று எழுதிவிடாதீர்கள். அந்த போஸ்ட் காவல்நிலை. இரவில் காவலர்களைப் பார்வையிட்டுக் கடைசி நிலையையும் முடித்ததும் ஊதியது. இறுதிச் சடங்கில் ஊதும் வழக்கம் பிறகு வந்தது. 'கடைக்காவல்' என்பேன்.

கொல்லங்கோட்டிலிருந்து:
துயிலெடை அரசனைப் புகழ்ந்து எழுப்புவது. பாசறையில் சாதாரண வீரனை யார் புகழ்ந்தார்கள்? 'எழுப்பொலி' போதும். 'கடைக்காவல்' என்றால் பிள்ளைகள் மளிகைக் கடைக்குக் காவல் என்று படிப்பார்கள். 'இறுதிக்காவல்' தெளிவு.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
வியாழன் இரவாகிவிட்டது. தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் ஊதுகுறிக்கே ஆதரவு அதிகம். ஊதுகுறி, எழுப்பொலி, இறுதிக்காவல் மூன்றையும் அச்சுக்கு அனுப்புகிறேன்.

மீனாட்சிபுரத்திலிருந்து:
அனுப்புங்கள். ஆனால் டிரம் கட்டளை வரும் பத்தியிலாவது 'முரசுக்குறி' என்று திருத்துங்கள். அங்கேயும் ஊதுகுறி என்று இருந்தால் அது பிழை. பறைகுறியை நான் விடுவதாக இல்லை.