120 கேவி வைத்தால் நெஞ்சுப் படம் ஏன் சாம்பல் பூக்கிறது?

ஈயக்கவசம்:
சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் கிளினிக். ஒர்க் பெர்மிட் மெடிக்கலுக்கான நெஞ்சு எக்ஸ்ரேதான் முக்கால்வாசி. பிஏ (முதுகுப் பக்கமிருந்து முன்னால் போகும் கதிர்), நின்ற நிலை, குழாய் தூரம் 180 செமீ, கிரிட் (சிதறிய கதிரைத் தடுக்கும் ஈயப் பட்டைத் தகடு) இல்லை. 80 கேவி (குழாயின் மின்னழுத்தம், கதிரின் ஊடுருவும் திறன்), 5 எம்ஏஎஸ் (மின்னோட்டம் × நேரம், கதிரின் அளவு) கொடுத்தால் நுரையீரல் அழகாக வருகிறது, டிஐயும் (டிடெக்டருக்கு வந்த கதிர் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்ற எண்) 0 பக்கம் நிற்கிறது. ஆனால் இதயத்துக்குப் பின்னால் ஒரே வெள்ளை, முதுகெலும்பே தெரிவதில்லை. 120 கேவி, 2.5 எம்ஏஎஸ் என்றால் அந்த இடம் திறக்கிறது, ஆனால் படம் முழுக்கச் சாம்பல். டிஐ +6. எங்கே பிசகு?

நிழற்படம்:
ரெண்டு இடத்துல.

முதல்ல எம்ஏஎஸ். கேவியை 15% ஏத்தினா எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கணும். 80, 92, 106, 122னு மூணு படி வருது, அதனால 5 எம்ஏஎஸ் எட்டில் ஒரு பங்கா 0.6 ஆகணும். நீங்க ஒரு தடவைதான் பாதியாக்கியிருக்கீங்க. டிஐ +3ன்னா ரெண்டு மடங்கு, +6ன்னா நாலு மடங்கு. கணக்கு அப்படியே பொருந்துது பாருங்க. பழைய ஃபிலிமா இருந்தா கருத்துப்போய்க் காட்டிக்கொடுத்திருக்கும். டிஜிட்டல்ல மெஷின் சரிக்கட்டிடும், டோஸ் போனது போனதுதான்.

ரெண்டாவது கிரிட். சாம்பலுக்குக் காரணம் அதுதான், எம்ஏஎஸ்ஸை மட்டும் குறைச்சாப் போகாது. கேவி ஏற ஏற, எலும்புல இருக்கிற கால்சியம் கதிரை உறிஞ்சுறது வேகமாக் குறையும் (ஆற்றலோட மூணாம் அடுக்குக்குத் தலைகீழ்). விலா எலும்பு மங்கி, அதுக்குப் பின்னால இருக்கிற நுரையீரல் தெரியுறது அதனாலதான். ஆனா மிச்சம் நடக்கிறது பெரும்பாலும் காம்ப்டன் சிதறல் (கதிர் மோதித் திசை மாறுறது), அதுவும் முன்பக்கமா டிடெக்டரை நோக்கி. அதுதான் படம் முழுக்கச் சாம்பல் பூசுது. 110க்கு மேல போனா 10:1 அல்லது 12:1 கிரிட் (பட்டை உயரத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள விகிதம்) கட்டாயம்னு வச்சுக்கங்க. கிரிட் போட்டா எம்ஏஎஸ் நாலு மடங்கு போல ஏறும்: 120ல 2.5 பக்கம் வரும். நீங்க இப்ப வச்சிருக்கிற அதே அளவுதான்!

ஈயக்கவசம்:
ஸ்டோரில் ஒரு கிரிட் கிடக்கிறது, 100 செமீ என்று எழுதியிருக்கிறது. போடலாமா?

நிழற்படம்:
வேண்டாம். அது 100 செமீக்குக் குவிச்ச கிரிட். 180ல வச்சா நடுவுல சரியா இருக்கும், ரெண்டு ஓரமும் வெளுத்துடும். நுரையீரல் ஓரத்துல நிஜமாவே ஏதோ இருக்கிற மாதிரி தோணும். 180ஐ உள்ளடக்கின கிரிட்டாக் கேட்டு வாங்குங்க.

இருட்டறை:
ஒரு மாற்றுக் கருத்து. டிஜிட்டலில் கான்ட்ராஸ்டைத் திரையிலேயே கூட்டிக்கொள்ளலாம் என்பதால் 120தான் வேதம் என்றில்லை. பழைய காசநோயின் சின்னக் கால்சியப் புள்ளிகள் குறைந்த கேவியில்தான் பளிச்சென்று விழும். விலா முறிவு தேடினால் 70 முதல் 75 போதும். வார்டில் படுத்தபடி எடுக்கும் ஏபி (முன்னாலிருந்து பின்னால் போகும் கதிர்) படத்துக்குக் கிரிட் இல்லாமல் 85, 90 என்று நிறுத்துவதும் சிதறலுக்குப் பயந்துதான்.

ஆனால் ஸ்கிரீனிங்கில் காறை எலும்பும் முதல் விலாவும் மூடும் நுரையீரல் உச்சி முக்கியம். அங்கே உயர் கேவிக்கே என் ஓட்டு. இன்னொரு லாபம் நேரம். 300 எம்ஏ மின்னோட்டத்தில் 2.5 எம்ஏஎஸ் சுமார் 8 மில்லி விநாடியில் முடியும். அதே கிரிட்டோடு 80 கேவி என்றால் 20 எம்ஏஎஸ், 67 மில்லி விநாடி. இதயத் துடிப்பில் இடப்பக்க விளிம்பு கலங்கும்.

கிரிட்டுக்குப் பதில் நோயாளிக்கும் டிடெக்டருக்கும் நடுவே 15, 20 செமீ காற்றிடைவெளி விடும் முறையும் உண்டு, ஆனால் குழாயை இன்னும் பின்னால் தள்ள வேண்டும். புளோக் கடை அறையில் அதற்கு எங்கே இடம்?