ஃப்ரீசர் கதவு ஹீட்டர் கன்ட்ரோலர்: புதுச்சேரிக் காற்றுக்குப் பனிப்புள்ளி வரம்புகளை எப்படி அமைப்பது?

கேள்வி: அங்காடிக்காரர், புதுச்சேரி

காமராஜர் சாலைப் பக்கம் நாங்கள் நடத்தும் பல்பொருள் அங்காடியில், பால், தயிர், குளிர்பானங்களுக்காக ஐந்து கண்ணாடிக் கதவுகள் உள்ள கூலர் ஒன்றும், ஐஸ்கிரீமுக்கும் உறைந்த மீனுக்கும் மூன்று கதவு ஃப்ரீசர் ஒன்றும் உள்ளன. கதவுச் சட்டம் வியர்த்து நீர் வடியாமல் இருக்க, ஃப்ரீசரில் கதவுக்கு 180 வாட், கூலரில் கதவுக்கு 60 வாட் என மொத்தம் 840 வாட் ஹீட்டர்கள் இரவு பகலாக இயங்கி வந்தன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 யூனிட் இதற்கே போகிறது என்பதால், பனிப்புள்ளியை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைக் கணக்கிட்டு ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரைப் பொருத்தினோம்.

பனிப்புள்ளி கீழ் வரம்பில் இருந்தால் ஹீட்டர் மிகக் குறைவாகவும், மேல் வரம்பைத் தொட்டால் முழுமையாகவும் இயங்கும். கீழ் வரம்பு 8 டிகிரி, மேல் வரம்பு 17 டிகிரி, குறைந்தபட்ச இயக்கம் 30 சதவீதம் என்று நிறுவனத்திலிருந்து வந்த அமைப்பிலேயே அது இருக்கிறது. ஆனால் திரையில் எப்போது பார்த்தாலும் 100 சதவீதம்தான். கையால் 50 சதவீதத்துக்குக் குறைத்தபோது, ஃப்ரீசரின் கதவுகளுக்கு இடையிலுள்ள நடுச்சட்டத்தில் முத்து முத்தாக நீர் திரண்டு தரையில் சொட்டியது. வயதானவர்கள் வந்து போகும் கடை என்பதால் உடனே பழையபடி மாற்றிவிட்டேன். சரியான எண்கள் எவை என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: குளிர்பதன மெக்கானிக், கடலூர்

ஐயா, உங்கள் கன்ட்ரோலரில் பழுது எதுவும் இல்லை. குளிர்காட்சிப் பெட்டிகளைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 23953 தரத்தில் மூன்றாம் தட்பவெப்ப வகுப்பு என்பது 25 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் ஆகும். அதன் பனிப்புள்ளி 16.7 டிகிரி. 17 என்ற மேல் வரம்பு அப்படிப்பட்ட கடைக்குத்தான் பொருந்தும். நம் கரையோரத்தில், ஏசி ஓடினாலும் கதவு திறந்து மூடும் கடைக்குள் 27 டிகிரி, 65 சதவீதம் என்பது சாதாரணம். அங்கே பனிப்புள்ளி 20 டிகிரியை ஒட்டி நிற்கும். 17ஐத் தாண்டிவிட்டதால் கன்ட்ரோலர் 100 சதவீதத்தை விட்டு இறங்க வழியே இல்லை.

ஈரப்பத சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மே மாதப் பிற்பகலில் 35 டிகிரியில் 55 சதவீதம் என்று மீட்டர் காட்டினால் காற்று உலர்ந்திருப்பதாகத் தோன்றும். ஆனால் பனிப்புள்ளி 24.6 டிகிரி. மார்கழி இரவில் 24 டிகிரியில் 85 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 21.3தான். சட்டம் அதிகம் வியர்ப்பது முதல் நிலையில்.

மற்றவர் கடை எண்களை வாங்கிப் போடுவதைவிட, உங்கள் கதவையே அளந்து பாருங்கள். ஃப்ரீசரின் நடுச்சட்டத்தில், பெரும்பாலும் அதன் கீழ்முனையில், கதவு மூடியபின் வெளியே தெரியும் இடத்தில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரின் கம்பி முனையை டேப்பால் இறுக ஒட்டுங்கள். பளபளக்கும் உலோகத்தின் மேல் நேராக இன்ஃப்ராரெட் துப்பாக்கியைக் காட்டினால் தவறான அளவு வரும். அதுதான் கையில் இருக்கிறது என்றால், கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன் மேல் காட்டலாம். கடை மூடியபின் ஹீட்டரை நிறுத்தி, அளவு நிலைபெறும் வரை காத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து முழு இயக்கத்தில் வைத்து அதேபோல் குறியுங்கள். முதல் அளவிலிருந்து ஒரு டிகிரி கழித்தால் கீழ் வரம்பு, இரண்டாவதிலிருந்து ஒரு டிகிரி கழித்தால் மேல் வரம்பு. இடைப்பட்ட இயக்கத்தைக் கன்ட்ரோலர் நேர்கோட்டில் கணக்கிட்டுக்கொள்ளும்.

கூலரையும் ஃப்ரீசரையும் கன்ட்ரோலரின் ஒரே வெளியீட்டில் இணைத்திருந்தால் தயவுசெய்து பிரித்துவிடுங்கள். ஃப்ரீசருக்குத் தேவையான வெப்பத்தைக் கூலருக்கும் கொடுப்பது இரட்டைச் செலவு. வீணாகும் வெப்பத்தில் ஒரு பகுதி பெட்டிக்குள்ளேயே இறங்கி, அதை வெளியேற்றக் கம்ப்ரசரும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

பதில் 2: மின்பணியாளர், லாஸ்பேட்டை

மேலே சொன்ன முறையை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கன்ட்ரோலருக்குக் காற்றின் ஈரப்பதத்தை அளந்து தரும் சென்சார் சொல்வது உண்மையா என்பதைப் பார்க்காமல் எண்களில் கை வைக்க வேண்டாம். ஏசி காற்று நேராக விழும் இடத்தில் சென்சார் இருந்தால், அந்த உலர்ந்த காற்றை நம்பி ஹீட்டர் குறையும், சட்டமோ வியர்க்கும். வாசலருகே இருந்தால் இதற்கு நேர்மாறு. பெட்டிகள் இருக்கும் வரிசையிலேயே, ஏசி காற்று நேராகப் படாத இடத்தில், ஆள் உயரத்துக்கு மாட்டுங்கள்.

உப்புக்காற்றில் இந்தச் சென்சார்கள் நாளடைவில் தவறு காட்டுகின்றன. சோதிப்பது எளிது: ஒரு மூடியில் பொடியுப்பை எடுத்து, கரைந்துவிடாமல் சேறுபோல் ஆகும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, காற்றுப்புகாத டப்பாவுக்குள் சென்சாரோடு சில மணி நேரம் மூடி வையுங்கள். 25 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் 75 சதவீதம் காட்ட வேண்டும். மரக்காணத்துக் கல்லுப்பு வேண்டாம். அதில் எஞ்சியிருக்கும் மக்னீசிய உப்புகள் ஈரத்தை மேலும் இழுத்து அளவைக் குறைத்துவிடும்.

இரவு இயக்கத்தைக் குறைக்கும் வசதியை நம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடை மூடி ஏசி நின்றதும் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்க எதுவும் இல்லை. வெளிக்காற்று கசிந்து வரவரப் பனிப்புள்ளி ஏறும். சென்சார் அறுந்தால் 100 சதவீதத்துக்குப் போகும்படி அமைப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஹீட்டரைப் போட்டு அணைத்துத்தான் இயக்கம் குறைக்கப்படுகிறது; பத்து நிமிடத்துக்கு ஒரு சுழற்சி என்றால் ரிலே நாளொன்றுக்கு 144 முறை போட்டு அணைக்கும். சாதாரணக் கான்டாக்டரைவிட, அசையும் பாகம் இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலே இதற்குத் தாங்கும்.

கேட்டவர்: அங்காடிக்காரர், புதுச்சேரி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு பெட்டிகளையும் ஒரே வெளியீட்டில்தான் இணைத்திருந்தார்கள், இப்போது பிரித்தாகிவிட்டது. சென்சாரை உப்பு டப்பாவில் வைத்தபோது 74 காட்டியது. ஃப்ரீசர் சட்டம் ஹீட்டர் இல்லாமல் 11, முழு இயக்கத்தில் 27. கூலர் 18, 28. எனவே ஃப்ரீசருக்கு 10 முதல் 26 வரை, கூலருக்கு 17 முதல் 27 வரை என அமைத்திருக்கிறேன். கூலரின் குறைந்தபட்ச இயக்கம் சுழியம். பனிப்புள்ளி 20ல் நிற்கும் பகல் நேரத்தில் ஃப்ரீசர் 63 சதவீதமும் கூலர் 30 சதவீதமும் இயங்குகின்றன. 840 வாட் இருந்த இடத்தில் சராசரியாக 430 வாட் அளவே ஆகிறது, சட்டமும் உலர்ந்திருக்கிறது. ஃப்ரீசரின் குறைந்தபட்ச இயக்கத்தையும் சுழியமாக்கலாமா?

பதில் 3: குளிர்பதன மெக்கானிக், கடலூர்

வேண்டாம், 30ஐ அப்படியே விடுங்கள். உங்கள் பனிப்புள்ளி அவ்வளவு கீழே இறங்கப்போவதில்லை என்பதால் அதனால் செலவு எதுவும் கூடாது. ஏதோ காரணத்தால் சென்சார் குறைத்துக் காட்டினாலும், காஸ்கெட் (கதவு விளிம்பின் ரப்பர் பட்டை) சட்டத்தோடு உறைந்து ஒட்டாமல் அது காக்கும். முழு இயக்கத்தில் 27ஐத் தொடும் சட்டத்துக்கு, கதவு நெடுநேரம் திறந்து கிடக்கும் மே மாதப் பிற்பகலில் பனிப்புள்ளிக்கு மேல் இடைவெளி அதிகம் இருக்காது. கோடைக்கு முன்பே ஒவ்வொரு கதவின் காஸ்கெட்டிலும் ஒரு தாளைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வரும் இடத்தில் காஸ்கெட்டை மாற்றிவிட்டு, அந்தக் கதவின் இரண்டு அளவுகளையும் மறுபடி எடுங்கள்.