கயூகா ஏரியில் குளிர்கால சால்மன்: எந்த ஆழத்தில் தேடுவது?

நண்பர்களுக்கு வணக்கம். நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவில் இருக்கிறேன். கயூகா ஏரியின் தென்கோடியில், சிறு படகை மெல்ல ஓட்டித் தூண்டிலைப் பின்னால் இழுத்தபடி சால்மன், டிரவுட் மீன்களுக்காக அலைகிறேன். மூன்று வாரமாக ஒரு கடிகூட இல்லை.

கோடையில் குளிர்ந்த நீர் எந்த ஆழத்தில் தொடங்குகிறதோ அங்கே தேடினால் போதும். இப்போது மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே குளிர். ஏரியோ 130 மீட்டருக்கும் மேல் ஆழம்! நான் 30 மீட்டர் தூண்டில் நரம்பு விட்டு, மீன் வடிவச் செயற்கை இரையை மேல்மட்டத்தில் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கிறேன். படகின் நிழலும் சத்தமும் மீனை விரட்டுகின்றனவோ என்று சந்தேகம். நரம்பைப் பக்கவாட்டில் விலக்கிச் செல்லும் மிதவைப் பலகை வாங்கலாமா?

இன்னொரு தொல்லை: தூண்டில் கோலின் வளையங்களில் பனி உறைந்து நரம்பு நகர மறுக்கிறது. கோலை நீரில் முக்கி முக்கி எடுக்கிறேன், விரல்கள் மரத்துவிடுகின்றன. உயிர்காப்பு அங்கியை மட்டும் கழற்றுவதே இல்லை.

குளிர்காலத்தில் இங்கே மீன் பிடித்தவர்கள் ஆழம், வேகம், இரையின் நிறம் பற்றிச் சொல்லுங்கள். சனிக்கிழமை விடியலில் மீண்டும் போகிறேன்.