ஸ்ட்ரிங் போடுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். கைப்பிடி சுற்றும் மெஷினில்தான் இத்தனை வருடம் டென்னிஸ் ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போட்டேன். அடுத்த மாதம் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் ஒரு போட்டிக்கு உதவியாளாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே எலக்ட்ரானிக் மெஷின்.

என் மெஷின் ஸ்ட்ரிங்கை இழுக்கும் விசை 24 கிலோவைத் தொட்டதும் பூட்டிக்கொள்ளும், அப்புறம் ஸ்ட்ரிங் சற்றுத் தளரும். எலக்ட்ரானிக் விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பதால் அதே 24 இன்னும் விறைப்பாக நிற்கும். என்னிடம் வழக்கமாக ஸ்ட்ரிங் போட்டுக்கொள்ளும் பையனும் அந்தப் போட்டியில் ஆடுகிறான். அவனுக்கு எவ்வளவு குறைக்கலாம்? ஒரு கிலோ போதுமா?

இன்னொன்று. நீளவாக்கில் நேச்சுரல் கட் (மாட்டுக் குடலில் செய்யும் ஸ்ட்ரிங்), குறுக்கே பாலியஸ்டர் என்று கேட்டால் பாலியஸ்டரை இழுக்கும்போது கட் உரசித் தேய்கிறது. விலையை நினைத்தாலே கை நடுங்குகிறது! நீங்கள் எப்படிக் கோர்க்கிறீர்கள்?