ஆட்டம், பாட்டு, விவாகரத்து: ‘தி கே டைவோர்சி’ பார்த்த டெல்டாக்காரர்கள் வாங்க

அரசலாற்றங்கரை:

1934-ல் வந்த ‘தி கே டைவோர்சி’ படத்தை நம்ம பக்கத்தில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஹாலிவுட்டின் ஆட்டக்கார ஜோடி பிரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ரோஜர்ஸ் நடித்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மாயவரம், எந்த ஊராக இருந்தாலும் சரி, இந்தப் படம் உங்களிடம் எப்படி வந்து மாட்டியது என்று எழுதுங்கள். முதலில் என் கதை.

எனக்கு வந்தது கேபிள் டிவி வழியாக. தொண்ணூறுகளின் நடுவில் பகலெல்லாம் கார்ட்டூன் நெட்வொர்க் ஓடும். ராத்திரி ஆனால் அதே சேனலில் பழைய படம் போடும் டிஎன்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். கும்பகோணத்தில் என் வயசுப் பிள்ளைகள் பலர் பழைய ஹாலிவுட்டைப் பார்த்ததே இந்த விபத்தில்தான். பூனை எலியைத் துரத்திக்கொண்டிருந்த இடத்தில் வால் வைத்த கோட்டோடு ஓர் ஒல்லி மனுஷன் தரையைத் தட்டிக்கொண்டு வருவார். சப்டைட்டில் கிடையாது. தந்தி ஆபீசில் வேலை பார்த்த எங்கள் பெரியப்பாதான் தனக்குப் புரிந்ததைச் சொல்லுவார், புரியாத இடத்தில் சொந்தமாகச் சேர்த்துக்கொள்வார்.

கதை இவ்வளவுதான். மிமிக்கு (ஜிஞ்சர் ரோஜர்ஸ்) அவள் புருஷன் விவாகரத்து கொடுக்க மாட்டேன் என்கிறான். அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில், கள்ள உறவை நிரூபித்தால்தான் பிரிய முடியும். அதனால் அவள் அத்தையும் ஒரு வக்கீலும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்கிறார்கள். கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்துக் கடற்கரை ஓட்டலில் அவளோடு ராத்திரி தங்கவைப்பது, துப்பறியும் ஆட்களை விட்டுக் கையும் களவுமாகப் பிடிக்கவைப்பது. கூலி ஆள் ஒரு வசனத்தைச் சொல்லித் தன்னை அடையாளம் காட்ட வேண்டும். அவளை நிஜமாகவே காதலிக்கும் கதாநாயகன் (அஸ்டேர்) தற்செயலாக அதே வசனத்தை எடுத்து விடுகிறான். அவ்வளவுதான், ‘சீ, இவனா அந்த வாடகை ஆள்!’ என்று அவளுக்கு முகம் சுளித்துப்போகிறது. இதில் வக்கீல் பெருமான், துப்பறிகிறவர்களை ஏற்பாடு செய்யவே மறந்து தொலைக்கிறார்.

எனக்கு மறக்காதது ஒரு சின்ன இடம். கூலிக்கு வந்த இத்தாலிக்காரர் டொனெட்டி, வாங்கிய காசுக்கு வஞ்சனை இல்லாமல் பக்கத்து அறையில் காவல் இருக்கிறார். இவர்களுக்கோ கீழே போய் ஆட வேண்டும். அஸ்டேர் காகிதத்தில் ஓர் ஆணையும் பெண்ணையும் வெட்டி, சுற்றும் கிராமபோன் தட்டின் மேல் நிறுத்தி, விளக்கைப் பின்னால் வைத்துவிடுகிறார். சுவரில் ஒரு ஜோடி சுற்றிச் சுற்றி ஆடுகிறது. டொனெட்டிக்கு அந்த அறையில் இருந்து பார்த்தால் நிழல்தான் தெரியும். நிஜ ஜோடி நழுவிவிடுகிறது. “அடடே, தோல்பாவைக்கூத்துடா!” என்று பெரியப்பா போட்ட சத்தத்தில் பெரியம்மா எழுந்துவந்து டிவியை அணைத்துவிட்டார். மிச்சப் படம் பார்க்க யூடியூப் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஐயாறு வயலின்:

எனக்குப் படம் பிறகுதான், பாட்டுதான் முதலில். திருவையாறு இசைக் கல்லூரியில் படித்தபோது விடுதியில் ஒரு தோழி ‘நைட் அண்ட் டே’ பாட்டைப் போட்டுக்காட்டினாள். கோல் போர்ட்டர் 1932-ல் பிராட்வே நாடகத்துக்குப் போட்டது. அந்த நாடகத்தைத்தான் ஆர்கேஓ கம்பெனி மார்க் சாண்ட்ரிச் இயக்கத்தில் படமாக்கியது. போர்ட்டர் பாட்டுகளில் இது ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் கழற்றிவிட்டார்கள்.

தொடக்கத்தைக் கேட்டால் ஒரே சுரத்தில் நின்றுகொண்டே இருக்கும். மேலேயும் போகாது, கீழேயும் வராது. பக்கவாத்தியம்தான் அடியில் நகரும். எங்களில் ஒருத்தி அப்படி நின்றால் வாத்தியார், “என்னம்மா, இன்னும் சுருதி சேர்த்து முடியலையா?” என்று கேட்டிருப்பார். ஆனால் கேட்கக் கேட்க, மனசில் ஒரே நினைப்பை வைத்துக்கொண்டு அதை விட்டு நகர முடியாதவன் அப்படித்தானே பாடுவான் என்று தோன்றியது.

படத்தில் இந்தப் பாட்டுக்கு ஆடுவதைக் கவனித்துப் பாருங்கள். அவள் முதலில் ஆட வரவில்லை, போகப் பார்க்கிறாள். அவன் வழியை மறிக்கிறான், அவள் திரும்புகிறாள், கை பிடிபடுகிறது, மறுபடி விலகுகிறாள். எப்போது சம்மதித்தாள் என்று சொல்லவே முடியாது. கால் முதல் தலைவரை முழு உருவமும் தெரியும்படி கேமரா தள்ளியே நிற்கிறது. முடிந்ததும் அவள் கிறங்கிப்போய் உட்கார்ந்திருக்க, அவன் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு சிகரெட்டை நீட்டுகிறான். ரொம்பத் திமிர்!

இன்னொன்று. கள்ள உறவை வைத்துப் பாட்டும் சிரிப்புமாக ஒரு கதையா என்று தஞ்சாவூர்க்காரர்கள் யாரும் ஆச்சரியப்படக் கூடாது. விஜயராகவ நாயக்கர் காலத்து க்ஷேத்ரய்யாவின் பதங்களை, அதாவது தெலுங்குக் காதல் பாட்டுகளை, ஆடுகிறவர்களைக் கேளுங்கள், வேறொருத்தி வீட்டிலிருந்து விடிகாலையில் வந்து நிற்கிறவனை நாயகி உரிக்கும் உரி தெரியும். மராட்டிய மன்னர் சகஜி ‘சதிதான சூரமு’ என்று தெலுங்கில் ஒரு கேலி நாடகமே எழுதியிருக்கிறார். அடுத்தவன் மனைவி மேல் ஆசைப்பட்டு ஒரு பிராமணர் வந்து நிற்க, தானம் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாதே என்று புருஷன் அவளையே தானம் கொடுத்துவிடுகிறான்! 1700-ஐ ஒட்டிய சங்கதி. ஹாலிவுட் இதற்கு ரொம்பப் பிந்தி வந்தது.

கோர்ட் வாசல்:

மாயவரம் பக்கம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன். பையன் லேப்டாப்பில் போட்டுக்காட்டினான். மற்றவர்கள் ஆட்டத்துக்குச் சிரித்தார்கள், நான் அந்த வக்கீலைப் பார்த்துச் சிரித்தேன். எட்வர்ட் எவரெட் ஹார்ட்டன் என்று பெயராம். கட்சிக்காரரை உட்காரவைத்துவிட்டு முக்கியமான காரியத்தை மறப்பவர்களுக்கு நான் ஆயுசு முழுக்க வேலை பார்த்திருக்கிறேன்.

நம்ம இந்துத் திருமணச் சட்டம் 1955-ல் வந்தது. ரெண்டு பேரும் சம்மதித்துப் பிரியலாம் என்ற 13பி பிரிவு 1976-ல்தான் சேர்ந்தது. அதற்குப் பிறகும்கூட ஒருத்தர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் காரணம் காட்டித்தான் ஆக வேண்டும். காரணம் இல்லையா, காரணம் பிறக்கும். எழுதித் தருகிறவர் கையில் பேனா இருக்கிறதே.

ஒரு வழக்கு சொல்கிறேன். ஊரும் ஆளும் வேண்டாம். பெண்டாட்டி சம்மதிக்கவில்லை. கோபத்தில் புருஷன் நடத்தைக் கேடு என்று மனு போடச் சொன்னார். “சும்மா சொன்னால் ஆகாது, யாரோடு, எப்போது, எங்கே என்று வேணும்” என்றோம். அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, மோட்டார் ரிப்பேருக்கு வந்துபோகிற ஒரு மெக்கானிக் பெயரைச் சொல்லிவிட்டார். அந்த ஆளையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தாயிற்று. சம்மன் போயிற்று.

வாய்தா அன்றைக்கு அந்த மெக்கானிக் தனியாக வரவில்லை, சம்சாரத்தோடு வந்தார். கையில் ஸ்பேனர் பிடித்த கறை அப்படியே இருந்தது, ஆள் பூனை மாதிரி ஓரமாக நின்றார். அந்தம்மாதான் பேசினார். மனு போட்டவரை வராந்தாவில் நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: “பஸ் ஏறி வேற ஊருக்கு வேலைக்குப் போடான்னா பயப்படுற ஆளுங்க இது. இதுக்கா அந்தத் துணிச்சல்? இருந்தா நான் ஏன் இப்படிக் கஷ்டப்படுறேன்?” டவாலி வரை சிரித்துவிட்டார். பெண்டாட்டி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரும், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அப்புறம் அந்த மனுவை வாபஸ் வாங்கிவிட்டுக் கொஞ்ச நாளில் ரெண்டு பேருமே சம்மதித்து 13பி-யில் பிரிந்தார்கள்.

அதனால்தான் டொனெட்டி எனக்கு ரொம்பப் பிடித்தது. எரிக் ரோட்ஸ் என்ற நடிகர். கள்ள உறவுக்கு வாடகை ஆளாக வருகிறவர் உலகத்திலேயே யோக்கியமான கணவர். ‘உங்கள் மனைவி என்னிடம் பத்திரம், எனக்கு ஸ்பகெட்டிதான் பிடிக்கும்’ என்ற மாதிரி விளம்பர வாசகம் வேறு வைத்திருக்கிறார். கேலிக்குத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் இங்கிலாந்தில் நிஜமாகவே ஓட்டல் ரசீதும் அறைப் பணிப்பெண் சாட்சியமுமாக இப்படி ஜோடித்த வழக்குகள் நடந்தன. 1937-ல் சட்டத்தை மாற்றி, கொடுமை, விட்டு ஓடிப்போவது போன்ற காரணங்களையும் சேர்த்தார்கள். ஒருத்தரும் தப்பே செய்யாமல் பிரிய அங்கேயும் அதற்குப் பிறகு ரொம்ப காலம் ஆயிற்று.

கடைமடை:

எல்லாரும் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் கல் எறிகிறேன். பட்டுக்கோட்டையில் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ப்ரொஜெக்டரில் பார்த்தோம். துறைமுகத்தில் அவள் பாவாடை பெட்டியில் மாட்டிக்கொள்கிறது, உதவுகிறேன் என்று கிழித்துவைக்கிறான். சரி. பிறகு லண்டன் முழுக்க தேடுகிறான், கண்டதும் காரில் துரத்துகிறான், ‘சாலை மூடப்பட்டுள்ளது’ என்று பலகை வைத்து மறித்துக் கல்யாணம் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்கிறான். இதையே நம்மூர் ஹீரோ செய்தால் நீங்களே பக்கம் பக்கமாகத் திட்டி எழுதுவீர்கள். ‘கான்டினென்டல்’ ஆட்டம் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் போகிறது. சிறந்த பாடலுக்கு ஆஸ்கர் கொடுக்க ஆரம்பித்தபோது முதல் விருது அதற்குத்தானாம். எங்களில் ஒருத்தன் அந்த இடத்தில் போய் ஆளுக்கு ஒரு பரோட்டா பார்சல் வாங்கிவந்துவிட்டான், திரும்பி வந்தும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அதே 1934-ல் நம்ம ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பாபநாசத்துக்காரர் கே. சுப்ரமணியம் இயக்கத்தில், மாயவரத்துக்காரர் தியாகராஜ பாகவதர் அறிமுகமான ‘பவளக்கொடி’. அர்ஜுனன் ஏற்கெனவே குடும்பஸ்தன், இன்னொருத்தி மேல் ஆசை, உதவிக்குக் கிருஷ்ணரே. விவாகரத்துப் பேச்சே இல்லை! பாட்டு ஐம்பதுக்குக் குறையாது. அங்கே ஒருத்தியை விடுவிக்க ஊரே கூடிப் பொய் சொல்கிறது, இங்கே ஒருத்தனுக்கு இன்னொரு கல்யாணம் பண்ணிவைக்கச் சாமியே இறங்கிவருகிறார்.

அரசலாற்றங்கரை:

கடைமடைக்கு ஒரு வணக்கம். பலகை விஷயத்தில் பதில் இல்லை. பரோட்டா சாப்பிட்ட இடத்தில் சுழல் கதவுகள் வழியாகக் கறுப்பும் வெள்ளையுமாகக் கூட்டம் வந்து கொட்டும், அதை விட்டிருப்பீர்கள்.

காரைக்கால் பேத்தி:

யாரும் கடைசிக் கட்டத்தைப் பற்றி எழுதவில்லையே! மிமியின் புருஷன் வந்து சேர்கிறான். பெண்டாட்டி இன்னொருத்தனோடு இருப்பதைக் கண்ணால் பார்த்தும், மன்னித்துவிட்டேன், விவாகரத்து மட்டும் கிடையாது என்கிறான். அப்போது ஓட்டல் சர்வர் தட்டோடு உள்ளே வருகிறார். அவனைப் பார்த்ததும் வேறு பெயர் சொல்லி, பழைய வாடிக்கையாளரை விசாரிக்கிற மரியாதையோடு, அவனுடைய ‘சம்சாரத்தை’ நலம் விசாரிக்கிறார். அந்த சம்சாரம் மிமி இல்லை. கதை முடிந்தது.

எங்கள் வீட்டில் அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது, இங்கிருந்து நிறைய பேர் சைகோனுக்கு வேலைக்குப் போனார்கள். எங்கள் கொள்ளுத் தாத்தாவும் போனார். வருஷக்கணக்கில் அங்கே, லீவில்தான் இங்கே. பணம் ஒழுங்காக வரும், கடிதமும் வரும். ஒருநாள் சைகோனில் வேலை முடிந்து கப்பலில் திரும்பிய ஓர் ஊர்க்காரர், மரியாதைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, கொள்ளுப் பாட்டியை வீட்டில் இருக்கும் தங்கச்சி என்று நினைத்துக்கொண்டு, “அண்ணன் சௌக்கியம். அண்ணியும் சௌக்கியம். பையன் இப்ப நல்லா நடக்குறான்” என்று சொல்லியிருக்கிறார்.

பாட்டி ஒன்றும் சொல்லவில்லையாம். இன்னொரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்து, “பையன் பேரு என்ன?” என்று மட்டும் கேட்டாராம். அந்த ஆள் போன பிறகு, தன் கல்யாணம் மேரியில், அதாவது பிரெஞ்சு நகராட்சி அலுவலகத்தில், பதிவாகவில்லை என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டு, தாத்தா அடுத்த லீவில் வந்த அன்றே கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு பண்ணிவிட்டார். சண்டை போட்டதாக யாரும் சொல்லவில்லை. பிற்பாடு தாத்தா போனதும் பிரெஞ்சு பென்ஷன் பாட்டி பேருக்கு வந்தது, அந்தக் காசில்தான் எங்கள் அப்பாயி, அவர் மகள், படித்தார்.

இதெல்லாம் அப்பாயி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். படத்தை அவரும் எங்களோடு உட்கார்ந்து பார்த்தார். ஆட்டத்தில் தூங்கிவிட்டார், சர்வர் வந்தபோது முழித்திருந்தார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் காசு குடுத்தாங்களா?”